கடற்கரைச் சிலைகளும் நம்ம ஊர்க்காரர்களும்

(விளாத்திகுளம் வட்டம், புதூரில் நடந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "எதைப் பத்திப் பேசப் போறீங்க அய்யா?" என்று நூலகர் கேட்டார். "சென்னையில நிக்கிற சிலைகளைப் பத்தி" என்றேன். "புதூர்ல உட்கார்ந்துகிட்டு சென்னைச் சிலையா?" என்று சிரித்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்த உரை.

நம்ம பக்கத்திலிருந்து யாராவது ஒருத்தர் சென்னைக்குப் போகாத வீடு இருக்கிறதா? பிள்ளைக்குக் கவுன்சலிங், தேர்வாணையப் பரீட்சை, வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல், பெரிய ஆஸ்பத்திரி, கோட்டையில் மனு. கோவில்பட்டியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும். திரும்புகிற ரயிலோ ராத்திரிதான். இடையில் இருக்கிற அந்த அரைநாளை நாம் என்ன செய்கிறோம்? ஸ்டேஷனில் துண்டை விரித்து, பைக்குக் காவல் இருக்கிறோம். அந்த அரைநாளைத்தான் இன்றைக்கு உங்களிடம் கேட்கிறேன்.

மதினி சொன்ன சேதி

சில வருஷத்துக்கு முன்னால் என் அண்ணனை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக மதினியும் நானும் கூடப் போயிருந்தோம். ரிப்போர்ட் வர மறுநாள் ஆகும் என்றார்கள். அண்ணன் வார்டில் தூங்கினார். மதினி முகம் வாடியிருந்தது. "வாங்க மதினி, கடலைப் பார்த்துட்டு வருவோம்" என்று மெரினாவுக்குக் கூட்டிப் போனேன்.

மெரினாவின் வடகோடியில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. நாலு ஆட்கள் சேர்ந்து ஒரு பெரிய பாறையை நெம்புகிற வெண்கலச் சிலை. சினிமாவிலும் நாள்காட்டியிலும் நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். மதினி அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பின்பக்கம் போய் நின்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "கொழுந்தனாரே, இது கருவைத் தூர் பிடுங்குற மாதிரியே இருக்கு. காலைப் பாருங்க, மண்ணுல எப்படி ஊணியிருக்கான்னு."

மதினி இருபது வருஷம் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டியவர். சீமைக்கருவைத் தூரைக் கடப்பாரை போட்டு நெம்பியவர். நான் ஓவியம் படித்தவன், அந்தச் சிலையைப் பத்துத் தடவை பார்த்தவன். ஆனால் முகத்தையும் தோளையும்தான் பார்த்திருந்தேன். பாதத்தைப் பார்த்ததில்லை. பாரம் நெம்புகிறவனுக்குப் பலம் பாதத்தில் இருக்கிறது என்பதை நெம்பியவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்துக்காரர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். டெல்லியில் தண்டி யாத்திரையைக் காட்டும் பதினோரு உருவச் சிலையும் அவர் கைவண்ணம்தான். உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக அவர் நிறுத்தியவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி, இன்னொருவர் அங்கே படித்த மாணவர். சிலை 1959-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, குடியரசு நாளுக்கு முந்தின நாள் திறக்கப்பட்டது. இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான் 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நாலு பேருக்கும் பெயர் இல்லை. அதனால்தான் மதினியால் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

எப்படிப் பார்ப்பது?

சிலை பார்ப்பதற்குப் படிப்பு வேண்டாம். ஒரு ஆசிரியராக மூன்று சேதி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, சுற்றி வாருங்கள். போட்டோவுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. சிலைக்கு அப்படி இல்லை. பின்பக்கம், பக்கவாட்டு, கீழிருந்து மேலே என்று பாருங்கள்.

ரெண்டாவது, எதில் செய்தது என்று பாருங்கள். கல்லா, சிமெண்டா, வெண்கலமா? பெரிய வெண்கலச் சிலையைச் சிற்பி முதலில் களிமண்ணில் செய்வார். அதிலிருந்து அச்சு எடுத்து, உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். பெரும்பாலும் துண்டு துண்டாக வார்த்துப் பிறகு ஒட்டுவார்கள். உள்ளே கூடாக இருக்கும். நம்ம ஊர் வேளார் களிமண்ணில் பிடித்துச் சூளையில் சுடுகிற அய்யனார் குதிரையும் உள்ளே கூடுதான். கை வேலை ரெண்டிலும் களிமண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

மூன்றாவது, பீடத்தில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். யாருடைய சிலை, யார் திறந்தது, எந்த ஆண்டு. அந்த நாலு வரியிலேயே பாதி வரலாறு இருக்கும்.

பத்தில் ஐந்து நம்மவர்

உழைப்பாளர் சிலையிலிருந்து தெற்கே காந்தி சிலை வரைக்கும் சுமார் 2 கிலோமீட்டர். காந்தி சிலையும் ராய் சௌத்ரி செய்ததுதான், அதுவும் 1959-இல் வைத்ததுதான். இந்த ரெண்டுக்கும் நடுவில் காமராசர் சாலையை ஒட்டித் தமிழறிஞர்கள், புலவர்கள் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரியில் நடந்த இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்தவை. மொத்தம் பத்து: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், வ.உ.சி., பாரதியார், பாரதிதாசன்.

பிள்ளைகளே, இந்தப் பட்டியலை விரல் விட்டு எண்ணுங்க. நம்ம பழைய திருநெல்வேலிச் சீமையோடு சம்பந்தப்பட்டவர்கள் எத்தனை பேர்?

பாரதி, எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்தவர். வ.உ.சி., ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்தவர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். அந்த ஆண்டே சிறைக்குப் போய்ச் செக்கு இழுத்தார். விடுதலையான பிறகு கோவில்பட்டியிலும் வக்கீலாக இருந்தார்.

வீரமாமுனிவர் பிறந்தது இத்தாலியில். ஆனால் அவர் இருந்து தொண்டு செய்த ஊர்களில் ஒன்று, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற காமநாயக்கன்பட்டி. நாம் இன்றைக்கு எழுதுகிற ஏகாரமும் ஓகாரமும் குழப்பமில்லாமல் நெடிலாகத் தெரிவதற்கு அவர் செய்த எழுத்துத் திருத்தம் காரணம். ஜி.யு. போப் சாயர்புரத்தில் பணி செய்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886-இல் வெளியிட்டார். கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்து, அங்கேயே அடக்கமானவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அவர் 1856-இல் வெளியிட்டது.

ஆக, பத்தில் ஐந்து பேர். ரெண்டு பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள், மூன்று பேர் கடல் கடந்து வந்து இந்த மண்ணில் தமிழ் படித்தவர்கள். சென்னையில் யாரையும் தெரியாது என்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறோமே, அங்கே நமக்கு ஐந்து பேரைத் தெரியும்!

பட்டாவும் குதிரைச் சிலையும்

மெரினாவிலிருந்து வடக்கே கொஞ்சம் தள்ளி, தீவுத்திடல் பக்கம் அண்ணா சாலையில், ஒரு வெள்ளைக்காரர் குதிரையில் உட்கார்ந்திருப்பார். சர் தாமஸ் மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநர். பதவியில் இருக்கும்போதே காலராவில் இறந்தார். லண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்த அந்த வெண்கலச் சிலை, கப்பலில் வந்து 1839-இல் அங்கே நிறுத்தப்பட்டது. குதிரைக்கு அங்கவடி கிடையாது. கால் ரெண்டும் சும்மா தொங்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் முதலில் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இவருக்கும் நமக்கும் என்ன? ரயத்துவாரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், உழுகிறவன் பேரில் நிலத்தைப் பதிந்து, அவனிடமே நேராக வரி வாங்குகிற முறை. அதை இந்த மாகாணத்தில் நிலைநிறுத்தியவர் மன்றோ. எட்டயபுரம் ஜமீன் ஊர்களுக்கு அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன் நிலங்கள் ரயத்துவாரியாக மாறின. இன்றைக்கு இ-சேவை மையத்தில் நம்ம கரிசல் காட்டுக்குப் பட்டா நகல் எடுக்கிறோமே, அந்தத் தாளுக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட கதை இருக்கிறது. மன்றோ ஆங்கிலேய ஆட்சியின் அதிகாரிதான், அந்த வரியால் வாடிய குடியானவர்களும் உண்டு. ரெண்டையும் தெரிந்துகொண்டே சிலையைப் பார்க்கலாம். பார்ப்பதும் கும்பிடுவதும் ஒன்றில்லை.

மக்கள் வேண்டாம் என்று சொன்ன சிலை ஒன்றும் சென்னையில் உண்டு. 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கியவர்களில் ஒருவரான நீல் என்ற ராணுவ அதிகாரியின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் திருநெல்வேலி சோமயாஜுலு. கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சின்ன மகளோடு சிறைக்குப் போனார். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்தபோது அந்தச் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. உடைத்துப் போடவில்லை. இன்றைக்கும் அது அருங்காட்சியகப் பொருள்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பொது இடத்தில் யார் நிற்கலாம் என்று குடிமக்கள் கேட்டார்கள், வாதாடினார்கள், பொறுத்திருந்தார்கள், பதில் வாங்கினார்கள்.

கூண்டு

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. கோபப்படாமல் கேளுங்க.

நம்ம தென்மாவட்டங்களில் பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியாகப் பாருங்கள். எத்தனையோ ஊரில் தலைவர்களின் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. கம்பி வலை, பூட்டு, சில இடத்தில் காவலுக்குப் போலீஸ். நாட்டுக்காகச் சிறைக்குப் போனவரைச் செத்த பிறகும் கம்பிக்குள் வைத்திருக்கிறோம். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சிலை ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தம் என்று ஆகும்போது, அடுத்த தெரு அதை எதிரியாகப் பார்க்கிறது. ராத்திரி ஒருவன் கல் எறிகிறான். காலையில் கடை அடைப்பு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது, கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

நான் வகுப்பில் ஒருமுறை பிள்ளைகளிடம், "உங்களுக்குத் தெரிந்த ஒரு சிலையை வரையுங்க" என்றேன். ஒரு பையன் முதலில் கூண்டை வரைந்தான், கம்பி கம்பியாக, ஸ்கேல் வைத்து. உள்ளே ஆளை வரைய இடமில்லை. "ஏம்ப்பா?" என்றேன். "அப்படித்தான் சார் இருக்கும்" என்றான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. அவன் பார்த்ததை வரைந்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் மெரினாவுக்குப் போங்க என்கிறேன். அங்கே ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யும் எட்டயபுரத்துப் பாரதியும் கூண்டில்லாமல், கடல்காற்றில் நிற்கிறார்கள். பக்கத்தில் சுண்டல் விற்பவர் உட்கார்ந்திருப்பார். எந்த ஊர்ப் பிள்ளையும் பீடத்தருகே நின்று போட்டோ எடுக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. சிலை என்றால் இப்படியும் இருக்கலாம் என்று நம்ம பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பொது இடத்தில் சிலை வைக்க அரசின் அனுமதி வேண்டும். பொதுச் சாலைகளில், போக்குவரத்துக்கு இடைஞ்சலாகச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ராவோடு ராவாகப் பீடம் கட்டிச் சிலை வைத்துவிட்டு, பிறகு ஊரே அவதிப்படுவது வேண்டாம்.

போகிறவர்களுக்கு

இப்போது நடைமுறைக்கு வருவோம். மெரினாச் சிலைகளுக்குச் சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் கிடையாது. பறக்கும் ரயிலில் போனால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய நிலையங்கள் கடற்கரைக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. மெட்ரோ ரயில் வேலை நடப்பதால் சில இடங்களில் தடுப்பு இருக்கலாம். சுற்றிப் போக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மதிய வெயிலில் போகாதீர்கள். சாலையைப் பார்த்து நிற்கிற சிலைகளுக்குக் காலைச் சூரியன் முதுகுப்பக்கம் வரும், முகம் இருட்டாகத் தெரியும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் போனால் மேற்கு வெளிச்சம் முகத்தில் விழும். கையில் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் இருக்கட்டும். சாலையைக் கடக்கச் சிக்னலில் மட்டும் கடங்கள்.

நடக்க முடியாத பெரியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கடலருகே போக, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரத்தால் ஆன நிரந்தரப் பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. "எனக்கு எதுக்கு கடல்" என்று ஒதுங்குகிற பாட்டியையும் கூட்டிப் போங்கள்.

எழும்பூரில் இறங்கினால் அருங்காட்சியகம் பக்கத்தில்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம். சுவரோவியம் பிடிக்கும் பிள்ளைகள் கண்ணகி நகருக்குப் போகலாம். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் 2020-இலிருந்து பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்திருக்கிறார்கள். ஆனால் அது மக்கள் குடியிருக்கிற இடம். வாசலில் இருப்பவர்களைக் கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

எங்காவது பீடம் உடைந்திருந்தால், விளக்கு எரியாவிட்டால், கல்வெட்டை நோட்டீஸ் மறைத்திருந்தால், சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். "நாம வெளியூர்தானே" என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊரில் என்றால் பேரூராட்சி அலுவலகம் இருக்கிறது. முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணும் இருக்கிறது.

சென்னைக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் விசனப்பட வேண்டாம். எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் இருக்கிறது. கல்கி எடுத்த முயற்சியில், ஊர் ஊராக மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்து 1947-இல் திறந்தது. கயத்தாறில் கட்டபொம்மன் நிற்கிறார், 1799-இல் அவரைத் தூக்கிலிட்ட ஊரில். கழுகுமலையில் மலைப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோயில் இருக்கிறது, பாதியில் நின்ற வேலை. உளி பட்ட தடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று போதும்.

கடைசியாக ஒரு சேதி. அண்ணன் இப்போது சுகமாக இருக்கிறார். அந்தச் சென்னைப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் இருந்தோம், எவ்வளவு செலவானது என்று அவர் சொல்லுவார். மதினி அதைச் சொல்லமாட்டார். "கடற்கரையில நம்மள மாதிரி நாலு பேரு தூர் பிடுங்கிட்டு நிக்காங்க, போனா பாத்துட்டு வாங்க" என்பார்.

நானும் அதையே சொல்கிறேன். அடுத்த தடவை போனால் பார்த்துவிட்டு வாங்க. பிள்ளைகள் பார்த்ததை வரைந்து கொண்டுவந்தால், இதே நூலகச் சுவரில் ஒட்டி வைக்க நூலகர் இடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூண்டு இல்லாமல் வரையுங்க.